அத்தியாயம் 7: குப்பையிலிருந்து சூளை எரிபொருள் – தயாரிப்பதும் அனுப்புவதும்

எந்த ஊர்க் குப்பையைப் பிரித்தாலும் கடைசியில் ஒரு பகுதி மிஞ்சும். உரக்குழிக்கும் ஆகாது, பழைய பேப்பர் கடையிலும் எடுக்க மாட்டார்கள். சிப்ஸ் பாக்கெட், ஷாம்பு சாஷே, எண்ணெய் ஒட்டிய பார்சல் காகிதம், கிழிந்த சாக்கு, தையற்கடைத் துண்டு, கந்தல் துணி. இவற்றை உலர்த்தி, ஆகாததை நீக்கி, துண்டாக்கினால் சிமென்ட் ஆலைச் சூளையில் நிலக்கரிக்குப் பதிலாக ஒரு பங்கு எரிக்கலாம். துறையில் எல்லோரும் இதை ஆர்.டி.எஃப். என்றே சொல்கிறார்கள், நாமும் அப்படியே சொல்வோம்.

பேரூராட்சி அல்லது சிறு நகராட்சியோடு ஒப்பந்தம் போட்டு, நாளொன்றுக்கு ஐந்து முதல் இருபது டன் குப்பையைக் கையாளப் போகிறவருக்காக இந்த அத்தியாயம் எழுதப்பட்டது. நம் ஊர்க் குப்பையில் பாதிக்கு மேல் மக்கும் குப்பை. அதையும், காசாகும் அட்டை, பாட்டில், இரும்பு ஆகியவற்றையும் கழித்தால் ஆர்.டி.எஃப்.க்கு மிஞ்சுவது பத்தில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்று வரைதான். இந்தக் கணக்கை மனதில் வைத்தே இயந்திரம் வாங்குங்கள். பத்து டன் குப்பை வரும் ஊருக்கு மணிக்கு ஐந்து டன் அரைக்கும் ஷ்ரெட்டர் வாங்கினால் அது பெரும்பாலும் சும்மாதான் நிற்கும்.

ஏன் சிமென்ட் சூளை?

சூளைச் சுடரின் வெப்பம் 2,000 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும். உள்ளே உருளும் சுண்ணாம்புக்கல் கலவை 1,450 டிகிரி வரை சூடேறும். அந்த வெப்பத்தில் நச்சு வாயுக்கள் சிதைந்துவிடும். மிஞ்சும் சாம்பல், சிமென்டாக அரைக்கப்படும் கட்டியான கிளிங்கரோடு சேர்ந்துவிடும். சாம்பலைக் கொட்டத் தனி இடம் தேட வேண்டியதில்லை.

எச்சரிக்கை: இதே பொருளைச் செங்கல் சூளைக்கோ, வெல்லம் காய்ச்சும் அடுப்புக்கோ, சாயப்பட்டறைக் கொதிகலனுக்கோ விற்காதீர்கள். குறைந்த வெப்பத்தில் பிளாஸ்டிக் எரிந்தால் டையாக்சின் போன்ற நச்சுகள் உருவாகும். அந்த அடுப்பின் முன் நிற்கும் தொழிலாளியின் நுரையீரலுக்குத்தான் அவை முதலில் போகும். கூடுதல் விலை தருகிறேன் என்று கேட்டு வருவார்கள். மறுத்துவிடுங்கள்.

முதல் வேலை: சூளையைத் தேடுவது

பலர் கொட்டகை போட்டு, இயந்திரம் இறக்கி, மலைபோலக் குவித்த பிறகுதான் வாங்குபவரைத் தேடுகிறார்கள். இந்தத் தொழிலில் நேரும் பெரிய தவறு இதுதான். வரிசையைத் திருப்புங்கள்.

1. உங்கள் ஊரைச் சுற்றியுள்ள சிமென்ட் ஆலைகளைப் பட்டியலிடுங்கள். அரியலூர் மாவட்டத்தில் பல ஆலைகள் உள்ளன. திருச்சி கல்லக்குடி, கரூர் புலியூர், திண்டுக்கல் கரிக்காலி, சேலம் சங்ககிரி, கோவை மதுக்கரை, விருதுநகர் ஆலங்குளம், நெல்லை தாழையூத்து ஆகிய ஊர்களும் சிமென்டுக்குப் பேர்போனவை.

2. ஆலையில் சூளை இருக்கிறதா என்று கேளுங்கள். சில ஆலைகள் வேறிடத்திலிருந்து கிளிங்கரை வரவழைத்து அரைப்பதோடு சரி. அங்கே உங்கள் சரக்குக்கு வேலை இல்லை.

3. கழிவு எரிபொருளைச் சூளையில் இட அந்த ஆலைக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் அனுமதி இருக்கிறதா, இப்போது புதிதாக எடுக்கிறார்களா என்று கேளுங்கள். பெருநகரங்களில் பழைய குப்பைக் கிடங்குகளைத் தோண்டிப் பிரிக்கும் வேலை நடக்கும்போது ஆயிரக்கணக்கான டன் ஆர்.டி.எஃப். அங்கிருந்தே சூளைகளுக்குப் போகும். சென்னை பெருங்குடிக் கிடங்கிலிருந்தும் அப்படித்தான் போனது. அந்தச் சமயத்தில் ஆலை முற்றத்தில் உங்கள் லாரிக்கு இடம் கிடைக்காது.

4. எந்த அளவுத் துண்டு, எவ்வளவு ஈரம், எவ்வளவு குளோரின் என்பதை எழுத்தில் வாங்குங்கள். உதிரியாக வேண்டுமா, அழுத்திப் பேல் கட்டியா என்பதையும் கேளுங்கள்.

5. பத்துப் பதினைந்து கிலோ மாதிரி எடுத்துக்கொண்டு நேரில் போங்கள். அவர்களுடைய ஆய்வகத்திலேயே சோதிக்கச் சொல்லுங்கள். அந்த முடிவு வந்த பிறகு கொட்டகைக்கு அளவெடுங்கள்.

பேரம் பேசப் போகும்போது சட்டமும் உங்கள் பக்கம் இருப்பது தெரிந்திருக்க வேண்டும். கிலோவுக்கு 1,500 கிலோகலோரிக்கு மேல் வெப்பம் தரும், மறுசுழற்சிக்கு ஆகாத கழிவைக் கிடங்கில் புதைக்கக் கூடாது என்று 2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் சொல்லின. ஆர்.டி.எஃப். ஆலையிலிருந்து 100 கிலோமீட்டருக்குள் எரிபொருள் பயன்படுத்தும் தொழிற்சாலைகள் தம் தேவையில் குறைந்தது 5 விழுக்காட்டை ஆர்.டி.எஃப்.ஆல் நிரப்ப வேண்டும் என்றும் அவை கேட்டன. விதிகள் திருத்தப்பட்டுக்கொண்டே இருக்கும். ஒப்பந்தம் போடுவதற்கு முன் நடப்பிலுள்ள வாசகத்தை வாரிய அலுவலகத்தில் கேட்டு வாங்குங்கள்.

தரம்: நான்கு படிகள்

மத்திய வீட்டுவசதி, நகர்ப்புற விவகார அமைச்சகம் 2018-இல் வெளியிட்ட வழிகாட்டி, சரக்கை நான்காகப் பிரிக்கிறது. அடிமட்டம், பிரித்தெடுத்த எரியும் பகுதி. துண்டு 400 மில்லிமீட்டருக்குள், ஈரம் 35 விழுக்காட்டுக்குள், வெப்பம் 1,500 கிலோகலோரிக்கு மேல் இருந்தால் போதும். அதற்கு மேலே மூன்றாம் தரம்: ஈரம் 20, சாம்பல் 15, குளோரின் 1 விழுக்காட்டுக்குள், வெப்பம் 3,000-க்கு மேல். இரண்டாம் தரத்துக்கு ஈரம் 15-க்குள், குளோரின் 0.7-க்குள், வெப்பம் 3,750-க்கு மேல். முதல் தரத்துக்கு ஈரம் 10-க்குள், குளோரின் 0.5-க்குள், வெப்பம் 4,500-க்கு மேல்.

சிறு மையம் மூன்றாம் தரத்தைக் குறிவைப்பது நல்லது. அடிமட்டச் சரக்கை ஆலையே மறுபடி பிரித்து அரைக்க வேண்டியிருப்பதால் விலை கிடைக்காது. பல இடங்களில் நீங்களே லாரி வாடகையையும் கொடுத்து அனுப்ப வேண்டியிருக்கும். முதல் தரத்துக்கு உலர்த்தும் இயந்திரம் தேவை. அந்த முதலீட்டை முதல் ஆண்டிலேயே செய்ய வேண்டாம்.

இடமும் இசைவும்

கொட்டகைக்குக் கான்கிரீட் தளமும் கூரையும் கட்டாயம் வேண்டும். மண் தரையில் கொட்டினால் அள்ளும்போதெல்லாம் மண்ணும் கூடவே வரும். சாம்பல் அளவு எகிறிவிடும். உள்ளாட்சியோடு ஒப்பந்தம், மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் நிறுவுவதற்கும் பிறகு இயக்குவதற்குமான இசைவாணைகள், தீயணைப்புத் துறையின் தடையின்மைச் சான்று ஆகிய மூன்றும் கையில் வந்த பிறகே முதல் வண்டியை உள்ளே விடுங்கள்.

தயாரிப்பு, படிப்படியாக

1. வாங்கும்போதே பாருங்கள். மக்காத குப்பையைத் தனியாகக் கொண்டுவரும் பேட்டரி வண்டியை மட்டும் இந்தக் கொட்டகைக்குள் விடுங்கள். சாம்பார் ஊறிய கவரை எந்த இயந்திரத்தாலும் சரிசெய்ய முடியாது. வீடுவீடாகப் போகும் தூய்மைப் பணியாளரோடு வாரம் ஒருமுறை உட்கார்ந்து பேசுங்கள். எந்தத் தெருவிலிருந்து கலந்து வருகிறது என்பதை அவர்கள் சரியாகச் சொல்வார்கள். எரிபொருளின் தரத்தில் பெரும்பங்கு அந்தத் தெருவிலேயே முடிவாகிவிடுகிறது.

2. கடைக் குப்பையைத் தனியே கொட்டுங்கள். ஜவுளிக்கடை, மளிகைக்கடை, கூரியர் அலுவலகம், பனியன் கம்பெனி ஆகியவற்றின் கழிவு காய்ந்தும் ஒரே மாதிரியாகவும் இருக்கும். வீட்டுக் குப்பையோடு கலந்தால் அதன் தரம் கெடும். பிறகு அளவு பார்த்துச் சேர்த்துக்கொள்ளலாம்.

3. ஆபத்தானதை முதலில் எடுங்கள். பவர் பேங்க், செல்போன் பேட்டரி, விளக்கு எரியும் பொம்மை, கொசு ஸ்ப்ரே டப்பா, வாசனைத் தெளிப்பான், சிகரெட் லைட்டர், மருந்துப் பாட்டில், ஊசி. தீபாவளி முடிந்த இரண்டு வாரத்துக்கு வெடிக்காத பட்டாசும் வரும். இந்த வேலைக்குக் கண் கூர்மையான இருவரைப் பிரிக்கும் மேசையின் முதல் இடத்தில் நிறுத்துங்கள். ஊசியையும் மருத்துவமனைக் கழிவையும் கண்டால் கையால் தொடாமல் இடுக்கியால் எடுத்து, மருத்துவக் கழிவு எடுப்பவரிடம் ஒப்படைக்க வேண்டும்.

4. காசாவதை எடுங்கள். அட்டை, பெட் பாட்டில், கெட்டி பிளாஸ்டிக், பால் கவர், இரும்பு, அலுமினியம் இவையெல்லாம் மறுசுழற்சிக்குத்தான் போக வேண்டும். சூளை கேட்கும் வெப்பத்துக்காக நல்ல பிளாஸ்டிக்கையும் சேர்த்து அனுப்பும் பழக்கம் உண்டு. அது வேண்டாம். அந்தப் பொருளும் வீணாகும், பிரித்து விற்றுப் பிழைக்கும் பெண்களின் கூலியும் போகும்.

5. குளோரினை எடுங்கள். இதற்குக் கீழே தனிப்பகுதி உள்ளது.

6. சலியுங்கள். சுழலும் சல்லடையில் மண், கண்ணாடித் தூள், கல் எல்லாம் உதிரும். சல்லடைக்குள் ஈரச் சரக்கைப் போட்டால் கண்கள் அடைத்துக்கொள்ளும். காய்ந்தது மட்டும் போக வேண்டும்; ஈரமாக இருப்பதை அடுத்த படியில் உலர்த்திய பிறகு சலியுங்கள்.

7. உலர்த்துங்கள். அரை அடி உயரத்துக்குமேல் பரப்பாமல், காலையும் மாலையும் புரட்டிவிடுங்கள்.

8. துண்டாக்குங்கள். ஷ்ரெட்டருக்கு முன்னால் காந்தம் ஒன்று மேலே தொங்க வேண்டும். ஒரு நட்டு உள்ளே போனாலும் கத்தி உடையும். பொறி பறந்து தீயும் பிடிக்கும்.

9. மாதிரி எடுத்துச் சோதித்து, பேல் கட்டி, எடை எழுதி அடுக்குங்கள்.

குளோரின்: லோடு திரும்பி வருவதற்கான முதல் காரணம்

சூளைக்குள் போகும் குளோரின் அங்கேயே சுற்றிச் சுற்றி வந்து, முன்சூடேற்றிக் குழாய்களில் உப்புப் படிவமாக ஒட்டும். படிவம் பெருத்தால் குழாய் அடைத்துக்கொள்ளும். சூளையை நிறுத்திக் குத்தி எடுக்க வேண்டும். அதனால்தான் ஆலைக்காரர் ஈரத்தில் கொஞ்சம் விட்டுக்கொடுத்தாலும் குளோரினில் விட்டுக்கொடுக்க மாட்டார்.

குளோரின் பெரும்பாலும் பி.வி.சி.யிலிருந்து வருகிறது. தூய பி.வி.சி.யின் எடையில் பாதிக்கு மேல், சுமார் 57 விழுக்காடு, குளோரின்தான். அதாவது ஒரு டன் சரக்கில் இருபது கிலோ பி.வி.சி. கலந்தாலே அது மட்டும் ஒரு விழுக்காட்டுக்கும் மேல் குளோரினைச் சேர்த்துவிடும்.

நம் ஊரில் பி.வி.சி. எங்கெங்கே ஒளிந்திருக்கிறது?

- ஃபிளெக்ஸ் பேனர். காதுகுத்து, கல்யாணம், கண்ணீர் அஞ்சலி, தேர்தல் என்று எல்லாவற்றுக்கும் கட்டுகிறோம். கழற்றிய பேனர் முழுதாகக் குப்பைக்கு வரும். அகலமாக, காய்ந்து, நல்ல எரிபொருள் போலத் தோன்றும். ஒன்றைக்கூட உள்ளே விடாதீர்கள்.
- ரெக்சின் பை, ரெக்சின் சோபா உறை, செருப்பு, ஷூ அடிப்பாகம்.
- குழாய்த் துண்டு, ஒயர் உறை, மேசை விரிப்பு, தரை விரிப்பு.

இரண்டாவது வழி உப்பு. உப்பு மூட்டைச் சாக்கு, கருவாட்டுச் சிப்பம், ஊறுகாய் ஒட்டிய கவர் ஆகியவற்றிலிருந்தும் குளோரின் ஏறும். கடற்கரை ஊர்க்காரர்கள் இதில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும்.

குறிப்பு – செம்புக் கம்பிச் சோதனை: சந்தேகமான பிளாஸ்டிக் எதுவென்று தெரிய வேண்டுமா? மரப்பிடி போட்ட செம்புக் கம்பியின் நுனியை கேஸ் சுடரில் சிவக்கக் காய்ச்சுங்கள். பிளாஸ்டிக்கை லேசாகத் தொடுங்கள். கம்பியை மறுபடி சுடரில் காட்டுங்கள். சுடர் பச்சையாக எரிந்தால் அதில் குளோரின் இருக்கிறது. திறந்த வெளியில், காற்றுக்கு முதுகைக் காட்டாமல் பக்கவாட்டில் நின்று, நகத்தளவு துண்டில் மட்டும் செய்யுங்கள். புகையை முகராதீர்கள். சரக்குக் குவியலிலிருந்து வெகு தூரம் தள்ளிப் போய்ச் செய்ய வேண்டும் என்பதையும் மறக்காதீர்கள்.

ஈரம்: எடையைக் கூட்டிக் காசைக் கரைப்பது

35 விழுக்காடு ஈரமுள்ள பத்து டன் லோடில் மூன்றரை டன் தண்ணீர். அதற்கும் லாரி வாடகை கொடுக்கிறீர்கள். சூளைக்குள் ஒரு கிலோ தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 600 கிலோகலோரி செலவாகும். அந்த வெப்பம் உங்கள் சரக்கிலிருந்துதான் போகிறது. அதே லோடை 20 விழுக்காட்டுக்கு உலர்த்தினால் எடை எட்டு டன்னைச் சற்றுத் தாண்டி நிற்கும். வாடகை குறைந்து, வெப்பம் கூடும்.

ஈரம் பார்க்கும் முறை:

1. குவியலின் பத்து இடங்களிலிருந்து, மேலும் அடியும் நடுவுமாக, ஒவ்வொரு கிலோ எடுங்கள். மேலே காய்ந்ததை மட்டும் அள்ளினால் உங்களையே ஏமாற்றிக்கொள்கிறீர்கள்.
2. பத்துக் கிலோவையும் கலந்து, கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி நான்காகப் பிரியுங்கள். எதிரெதிர் இரண்டு பங்கை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். ஒரு கிலோ மிஞ்சும்வரை இப்படியே செய்யுங்கள்.
3. 105 டிகிரி அடுப்பில் எடை குறைவது நிற்கும்வரை வைத்து எடைபோடுங்கள். குறைந்த எடைதான் ஈரம்.

அடுப்பு இல்லாதவர் நல்ல வெயிலில் இரண்டு நாள் உலர்த்திப் பார்க்கலாம். ஆனால் வெயிலில் முழு ஈரமும் போகாது. உண்மையைவிடக் குறைவாகவே காட்டும். ஆலை 20 கேட்டால் உங்கள் வெயில் கணக்கில் 15 வந்த பிறகு லோடு ஏற்றுங்கள்.

வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரை நீடிக்கும். செப்டம்பர் முடிவதற்குள் கொட்டகையைக் காலி செய்துவிடுங்கள். மழை மாதங்களில் கடைக் குப்பையை மட்டும் ஆர்.டி.எஃப்.க்கு எடுத்துக்கொண்டு, வீட்டுக் குப்பையிலிருந்து வருவதைக் கூரைக்கடியில் பரப்பக்கூடிய அளவோடு நிறுத்துவது சரியான வழி.

ஷ்ரெட்டர் அருகில்

கைகால் போகும் இடம் இது. இந்த விதிகளைப் பெரிய எழுத்தில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். வாசிக்கத் தெரியாதவருக்கு வாயால் சொல்லுங்கள், வாரந்தோறும் சொல்லுங்கள்.

- அடைப்பு எடுக்கும் முன் மெயின் சுவிட்சை அணைத்து, பூட்டுப் போட்டு, சாவியை அடைப்பு எடுப்பவரே இடுப்பில் வைத்துக்கொள்ள வேண்டும். வேறு யாரிடமும் கொடுக்கக் கூடாது.
- கையாலோ கம்பாலோ சரக்கை உள்ளே தள்ளக் கூடாது.
- சேலைத் தலைப்பு, துப்பட்டா, தொங்கும் துண்டு, வளையல் கூடாது. சேலைக்கு மேல் இறுக்கமான மேலங்கி கொடுங்கள். கூந்தலை முடிந்து தொப்பி போட வேண்டும்.
- தூசிக்கு முகக்கவசம், கண்ணாடி, தடித்த கையுறை, பூட்ஸ். பிரிக்கும் மேசையில் நிற்கும் எல்லோருக்கும் டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி உங்கள் செலவில் போடுங்கள்.

தீ

2022 ஏப்ரலில் பெருங்குடிக் கிடங்கு எரிந்தது. 2023 மார்ச் 2-ஆம் தேதி கொச்சி பிரம்மபுரம் குப்பைக் கிடங்கில் பிடித்த தீயை அணைக்க ஏறக்குறைய இரண்டு வாரம் ஆனது; நகரமே புகையில் மூச்சுத் திணறியது. எரிபொருள் என்று பெயர் வைத்துக் குவித்திருக்கும் பொருள் எரியத்தான் செய்யும். அதனால்:

1. குவியல் ஆள் உயரத்தின் ஒன்றரைப் பங்கைத் தாண்ட வேண்டாம். குவியலுக்கும் குவியலுக்கும் நடுவே தண்ணீர் வண்டி போகும் அகலத்துக்கு வழி விடுங்கள்.
2. ஈரமும் உணவுக் கழிவும் கலந்த குவியல் தானாகவே உள்ளுக்குள் சூடேறும். தினமும் ஓர் இரும்புக் கம்பியை நடுவில் செருகி, கொஞ்ச நேரம் கழித்து உருவிப் பாருங்கள். கை பொறுக்காத சூடு இருந்தால் அன்றே குவியலைக் கலைத்து ஆறவிடுங்கள்.
3. இரண்டு லோடுக்கு மேல் சரக்கைத் தேக்கி வைக்காதீர்கள்.
4. வெல்டிங் வேலையைக் கொட்டகைக்கு வெளியே செய்யுங்கள். பீடி, சிகரெட் வாசலோடு நிற்கட்டும்.
5. பிரித்தெடுத்த பேட்டரிகளை மணல் போட்ட இரும்பு டிரம்மில், கொட்டகைக்கு வெளியே வையுங்கள்.
6. தண்ணீர் மோட்டார் மின்சாரம் போனாலும் ஓட வேண்டும். டீசல் பம்பு ஒன்று தயாராக இருக்கட்டும். புகை கண்டவுடன் 101-ஐ அழையுங்கள், பிறகு அணைக்கப் பாருங்கள். புகைக்குள் யாரையும் அனுப்பாதீர்கள்.

லோடு ஏற்றி அனுப்புதல்

உதிரிச் சரக்கு இடத்தை அடைக்கும். பத்து டன் தாங்கும் லாரி மூன்று நான்கு டன்னிலேயே நிரம்பிவிடும். பேல் கட்டினால் அதே லாரியில் எடைக்கு ஏற்றலாம். சென்னையிலிருந்து அரியலூர் இருநூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல். அந்தத் தூரத்துக்குப் பேலிங் மெஷின் இல்லாமல் கட்டுபடியாகாது. தஞ்சாவூரிலிருந்து அனுப்புபவர் உதிரியாகவும் அனுப்பிப் பார்க்கலாம்.

கட்டுக்கம்பி இரும்பா, பிளாஸ்டிக் பட்டையா என்பதை ஆலையிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். லோடின் மேல் தார்ப்பாயை நன்றாக இழுத்துக் கட்டுங்கள். வழியெல்லாம் பறக்கவிட்டுப் போனால் அடுத்த முறை அந்த ஊர்க்காரர்கள் லாரியை மறிப்பார்கள், அது நியாயமும்கூட.

ஒவ்வொரு லோடுக்கும் எடை மேடைச் சீட்டு, ஈரக் கணக்கு, ஏற்றியபோது எடுத்த படம், முத்திரையிட்ட இரண்டு கிலோ மாதிரி ஆகியவற்றை மையத்தில் வைத்திருங்கள். ஆலையில் சரக்கு சரியில்லை என்றால் இவைதான் பேசும்.

ஒப்பந்தத்தில் மூன்று கேள்விகளுக்கு விடை எழுதியிருக்க வேண்டும். மாதிரியை யார், எங்கே எடுப்பது? நிராகரித்த லோடின் திரும்பும் வாடகை யாருடையது? சூளை பழுதுபார்க்க நிற்கும் நாட்களில் சரக்கு எங்கே போகும்? கடைசிக் கேள்வியை எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். சூளைகள் ஆண்டுப் பராமரிப்புக்கு நிற்கும். அப்போது கொட்டகை நிரம்பும், தீக்கு வழி திறக்கும். இரண்டாவதாக ஓர் ஆலையோடும் பேசி வையுங்கள்.

கப்பலில் அனுப்ப நினைப்பவருக்கு

உலகில் இது நடக்கிறது. பிரிட்டனில் குப்பையைப் புதைக்க 1996-இல் டன்னுக்கு 7 பவுண்டாகத் தொடங்கிய வரி 2014-இல் 80 பவுண்டானது. புதைப்பதைவிட, பேல் கட்டிப் பிளாஸ்டிக் படலத்தைப் பல சுற்றுச் சுற்றி, நெதர்லாந்து, ஸ்வீடன், ஜெர்மனியிலுள்ள மின் நிலையங்களுக்குக் கப்பலில் அனுப்புவது மலிவாகிப்போனது. உச்சத்தில் ஆண்டுக்கு 30 லட்சம் டன்னுக்கு மேல் போயிற்று. 2020-இல் நெதர்லாந்து வெளிநாட்டுக் குப்பைக்கும் எரிப்பு வரி போட்டவுடன் அந்தக் கணக்கு மாறியது. பிறநாட்டு வரியை நம்பி முதல் போடுவது எவ்வளவு ஆபத்து என்பதற்கு இது போதும்.

நாடுகளுக்கிடையே கழிவு போவதைக் கட்டுப்படுத்தும் பேசல் உடன்படிக்கையில் வீட்டுக் குப்பை ஒய்46 என்ற வகையில் வருகிறது. அனுப்பும் நாடு, வாங்கும் நாடு, கப்பல் கடந்துபோகும் நாடு ஆகிய எல்லாவற்றின் முன்னனுமதியும் எழுத்தில் வேண்டும். இந்தியாவில் அபாயகரமான மற்றும் பிற கழிவுகள் விதிகளின் கீழ் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்திடம் போக வேண்டும். தரச் சான்றுக்கு ஐ.எஸ்.ஓ. 21640 என்ற உலகத் தரம் இருக்கிறது. வெப்பம், குளோரின், பாதரசம் மூன்றையும் வைத்து ஐந்து வகுப்பாகப் பிரிக்கிறது.

சீட்டில் ஒன்றும் பெட்டியில் வேறொன்றுமாக இருந்தால் என்ன ஆகும் என்பதை இலங்கை காட்டியது. 2017 முதல் 2019 வரை பிரிட்டனிலிருந்து பழைய மெத்தை, கம்பளம் என்று சொல்லிக் கொழும்புக்கு வந்த கன்டெய்னர் பெட்டிகளில் மருத்துவமனைக் கழிவும் இருந்தது. வழக்கு நடந்து, 263 பெட்டிகள் திருப்பி அனுப்பப்பட்டன; கடைசித் தொகுதி 2022 பிப்ரவரியில் கப்பலேறியது.

தமிழ்நாட்டில் சூளைகள் இத்தனை அருகில் இருக்கும்போது சிறு மையத்துக்குக் கப்பல் வழி தேவையில்லை என்பதே என் முடிவு. அப்படியும் போக விரும்பினால், உள்ளூர் ஆலை ஓராண்டு முழுக்க உங்கள் ஒரு லோடையும் திருப்பாமல் ஏற்றிருக்கட்டும். அந்தப் பதிவேட்டைக் கையில் வைத்துக்கொண்டு விண்ணப்பம் எழுதுங்கள்.